கம்பி விட்ட வீடு

கடலூர்
18-1-2025

அன்பான அக்காவுக்கு,

மங்கலம் எழுதறேன். பொங்கலுக்கு நீ குடுத்தனுப்புன கரும்பும் மஞ்சக்கொத்தும் வாடாம வந்து சேந்துச்சு. உன் காது எப்படி இருக்கு? புது மெஷின் விசில் அடிக்காம இருக்கா? முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மாமா நல்லா நடக்கறாரா? சபேசனும் பிரீதாவும் பாப்பாவும் சௌக்கியம்தானே? போன்ல பேசினா உனக்குக் கேக்க மாட்டேங்குது. நான் கத்தினா எங்க தெருவே வாசலுக்கு வந்துடுது. நமக்கு லெட்டர்தான் சரி.

கார்த்திகை வெள்ளத்துல என்ன நடந்துச்சுன்னு கேட்டிருந்தே. எழுத இத்தனை நாளா கை வரல. அன்னிக்குக் காலையில அடுப்புல பால் வெச்சிருந்தேன். வாசப்படியில தண்ணி எட்டிப் பாத்துச்சு. பாலை எறக்கறதுக்குள்ள கூடத்துல மொழங்கால் அளவு. கேஸ் சிலிண்டர் மெதந்து வந்து என் இடுப்புல முட்டுச்சு. இவரு என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வெளிப் படிக்கட்டுல மொட்டை மாடிக்கு ஏறிட்டாரு. அங்க கூரை ஏது? மழை சாட்டையால அடிக்குது. பின்னாடி எதுக்காச்சும் ஆவும்னு மூலைக்கு மூலை மாடிக்குக் கம்பி விட்டிருக்குல்ல, சமையக்கட்டுக்கு மேல் மூலை, அந்தக் கம்பியில தார்ப்பாயைக் கட்டினேன். இவரு, "கம்பியில கட்டாதே, கம்பியில கட்டாதே"ன்னு கத்தறாரு. அந்த நேரத்துல எதுக்குக் கத்தறாருன்னே எனக்குப் புரியல. காத்துல அந்தக் கம்பியே ஆடிச்சு அக்கா. எப்பேர்ப்பட்ட காத்துன்னு நீயே நெனச்சுப் பாத்துக்கோ. பொழுது சாயற நேரத்துல தேவனாம்பட்டினத்துக்காரங்க படகு கொண்டாந்து எங்களை எறக்குனாங்க.

தெருவுல தண்ணி வத்திப் போச்சு, எனக்குத்தான் இன்னும் வத்தல. குழாயில தண்ணி விழற சத்தம் கேட்டாலே வாசப்படியைப் போய்ப் பாக்கறேன். வானம் கருத்தா பாத்திரத்தையெல்லாம் பரண் மேல ஏத்திடறேன். அடுத்த மழைக்கு உயிரோட இருப்பேனான்னு சந்தேகமா இருக்குன்னு இவருகிட்ட சொன்னா சிரிக்கறாரு.

ஒரு நல்ல சேதி. நம்ம சிந்துஜா வீட்டுக்காரர் எழிலனுக்கு மஞ்சக்குப்பம் ஆபீசுக்கே மாத்தல் ஆயிடுச்சு. "மாடி எழுப்பலாம் அத்தே, நாங்க மேல இருக்கோம், தண்ணி வந்தா நீங்களும் மேல ஏறிக்கலாம்"னு மாப்பிள்ளையே வாய் விட்டுச் சொன்னாரு. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. ஆனா இவரு மாடிப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடறாரு. நம்ம வீட்டை நின்னு கட்டிக் குடுத்ததே மாமாதானே. சகலை சொன்னா கேப்பாரு. மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு.

உன் தங்கை,
மங்கலம்


சிதம்பரம்
5-2-2025

மங்கலத்துக்கு ஆசீர்வாதம்.

நாங்க நல்லா இருக்கோம். மாமா தடி இல்லாம கீழவீதி வரைக்கும் போயிட்டு வராரு. என் காதைக் கேக்காதே. கோயில் மணி அடிச்சா தூரத்துல யாரோ பாத்திரம் தேய்க்கற மாதிரி இருக்கு. மெஷின் விசில் அடிக்குதான்னு கேட்டே. அடிச்சா மத்தவங்களுக்குத்தான் கேக்கும், எனக்கென்ன.

உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை மூக்குக் கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் படிச்சேன். நீ சின்ன வயசுலயே குளத்துல கால் வைக்க மாட்டே, உனக்கா இந்தக் கதி.

மாடி எழுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டா யாரு பேச்சையும் கேக்காதே. எங்க வீட்டைப் பாரு. மொதல்ல கீழ்வீடு மட்டும்தான் இருந்துச்சு. சபேசன் கல்யாணத்தப்ப உன் மாமா நின்னு மாடி எழுப்பினாரு. மேல அவனும் பிரீதாவும் பாப்பாவும், கீழ நாங்க. மருமகளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு தளம் இருக்கறதாலதான் ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கறோம். பாப்பா மேல ஓடறது எனக்குக் கேக்காது. ஆனா எங்க ரூம் ஃபேன் லேசா ஆடும். அதைப் பாத்துட்டு, ஓகோ எந்திரிச்சுட்டா போலன்னு பாலை அடுப்புல வெச்சுடுவேன்.

மாமாகிட்ட இன்னிக்கே சொல்றேன். சென்ட்ரிங் கான்ட்ராக்டரா இருந்த மனுஷன், உன் வீட்டுக்காரரை ஒரே பேச்சுல மடக்கிடுவாரு. உனக்கு எதுக்குப் பயம்? அடுத்த மழைக்கு ஒய்யாரமா மாடி ஜன்னல்ல ஒக்காந்து வேடிக்கை பாரு.

அக்கா,
சிவகாமு


கடலூர்
10-3-2025

அன்பான அக்காவுக்கு,

உன் லெட்டர் வந்ததும் எனக்குப் பாதி தைரியம் வந்துடுச்சு. எல்லாரும் சௌக்கியமா? எனக்கு சளி. இவருக்கு பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னாரு.

மாமா பேசினாரான்னு தெரியல. நீ சொன்னதுக்கு அப்புறம் ஒரு நாள் இவருக்கு போன் வந்துச்சு. எடுத்துக்கிட்டுத் தெருக்கோடிக்குப் போயிட்டாரு. திரும்பி வந்து சாப்பிடாம படுத்துட்டாரு. என்னன்னு கேட்டா, "சகலை சும்மா விசாரிச்சாரு"ங்கறாரு.

மங்கலம்பேட்டை பொன்னுரங்கம்னு ஒரு மேஸ்திரி. மாப்பிள்ளைதான் கூட்டியாந்தாரு. மேல ஏறி, வாசப்பக்கக் கம்பியைத் தட்டிப் பாத்துட்டு, "மாடிக்குன்னே கம்பி விட்ட வீடும்மா, கண்ண மூடிக்கிட்டு எழுப்பலாம்"னாரு. எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா இவரு படிக்கட்டுல ஒக்காந்திருக்காரு. மொகம் பூரா வேர்வை.

அப்புறம் ஆரம்பிச்சாரு பாரு காரணம் சொல்ல. முட்டி வலின்னாரு. உனக்கு முட்டி வலிச்சா நீ கீழ இருய்யா, நான் ஏறிக்கறேன்னேன். வாஸ்து சரியில்லைன்னாரு. வாஸ்துன்னா சிரிக்கற மனுஷன் அக்கா இவரு. வெளிச்சம் போயிடும்னாரு, கொசு வரும்னாரு, கடைசியில மாப்பிள்ளையோட ஒரே வீட்டுல இருந்தா மரியாதை கெட்டுடும்னாரு. இது சிந்துஜா காதுல விழுந்து அவ அழுதுட்டா. பெத்த பொண்ணு வரது இவருக்குப் புடிக்கலயோன்னு எனக்கே தோணிடுச்சு. அன்னிக்கு சிந்துஜாவைப் பொண்ணு பாக்க வந்தப்ப, சம்பந்தி சிங்காரம் மேல ஏறிக் கம்பியெல்லாம் பாத்துட்டு, "மாடிக்கு எடம் இருக்கு"ன்னாரே, இதே இவருதானே, "மாடி என் பொண்ணுக்குத்தான் சம்பந்தி"ன்னு மார் தட்டினாரு. அந்தப் பேச்சுலதானே கல்யாணமே முடிஞ்சுது.

மாமா என்னதான் சொன்னாருன்னு கேட்டு உடனே எழுது. வைகாசியில ஆரம்பிச்சாத்தான் மழைக்கு முன்னாடி முடியும். மழையை நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

மங்கலம்


சிதம்பரம்
16-4-2025

மங்கலத்துக்கு,

எல்லாரும் சௌக்கியம். வருஷப் பிறப்புக்கு உன்னை நெனச்சுக்கிட்டே மாங்காய் பச்சடி பண்ணேன். லெட்டர் போட லேட்டாயிடுச்சு. ஒடம்பு கொஞ்சம் முடியல, வேற ஒண்ணுமில்ல.

மாடி வேண்டாம் மங்கலம். நல்லா யோசிச்சுத்தான் எழுதறேன். உனக்கும் வயசாகுது, படி ஏறி எறங்கறது கஷ்டம். கீழேயே தரையை ரெண்டு அடி ஒசத்திக்கோ. இல்லேன்னா மழை மாசத்துல ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. எங்க மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. எழிலனுக்கு மஞ்சக்குப்பத்துல வாடகை வீடு கெடைக்காமலா போயிடும்?

மாமா சொன்னாரு, ஆத்தங்கரை மண்ணு, வெள்ளத்துல எளகியிருக்கும்னு. அதான்.

உன் வீட்டுக்காரரை ரொம்பக் கரிச்சுக் கொட்டாதே. அவரு நல்ல மனுஷன்.

சிவகாமு


கடலூர்
24-4-2025

அக்காவுக்கு,

நீ சௌக்கியம்னு எழுதியிருந்தே, சந்தோஷம்.

பிப்ரவரியில "யாரு பேச்சையும் கேக்காதே"ன்னு எழுதினவ நீதானே? உன் கையெழுத்துதானே அது? இப்ப என் முட்டிக்கு வயசாயிடுச்சா? உன்னை விட நான் நாலு வயசு சின்னவ. நீ மட்டும் மவன் மருமவ பேத்தின்னு மாடியும் கீழுமா இருக்கலாம், நான் மட்டும் தரையை ரெண்டு அடி ஒசத்திக்கிட்டு ஒக்காந்திருக்கணும். மழை வந்தா உன் வீட்டு ரூமுக்கு மூட்டை தூக்கிக்கிட்டு வரணும். நல்லா இருக்கு அக்கா நியாயம்.

மனசுல பட்டதைச் சொல்லிடறேன். எனக்கும் ஒரு மாடி வந்துடப் போவுதேன்னு உனக்கு ஆத்தாமையா? அப்படி இல்லேன்னா காரணத்தைச் சொல்லு. மண்ணு எளகியிருக்குமாம். பொன்னுரங்கம் அதெல்லாம் பாத்துட்டுத்தான் சொல்றாரு.

வைகாசியில பூஜை போடறோம். வர்றதுன்னா வா.

மங்கலம்


கடலூர்
2-6-2025

அன்பான அக்காவுக்கு,

நான் கோபத்துல என்னமோ எழுதிட்டேன். அதை மனசுல வெச்சுக்கிட்டு நீ பூஜைக்கும் வரல, பதிலும் போடல. மாமா ஒடம்பு எப்படி இருக்கு? பாப்பா பேச ஆரம்பிச்சுட்டாளா? எனக்கு இப்ப உன்னைத் தவிர எழுத ஆள் இல்ல, அதனால ரோஷத்தை வுட்டுட்டு நானே எழுதறேன்.

மாடிச் சுவரு ஜன்னலுக்கு மேல லிண்டல் வரைக்கும் வந்துடுச்சு. மூலையில பில்லருக்கு எடம் விட்டுக் கட்டியிருக்காங்க. புதுக் கம்பியைப் பழைய கம்பியோட சேத்துக் கட்டிக் கான்கிரீட் ஊத்திட்டு, அப்புறம் தளம் போடணுமாம். சந்தோஷமா எழுதணும்னு நெனச்சேன், எழுத வரல.

இவரு பூஜைக்கே நிக்கல. தேவனாம்பட்டினம் கடற்கரையில போய் ஒக்காந்துட்டாரு. வந்தவங்க கேட்டப்ப எனக்கு மானம் போச்சு. இப்ப என்னடான்னா கட்டிலை வெளிய வேப்பமரத்தடிக்கு மாத்திட்டாரு. பகல்ல ஒக்காந்து சுவரையே பாக்கறாரு. நான் சமையக்கட்டுக்குள்ள போனா பின்னாடியே வந்து, "சீக்கிரம் வெளிய வா"ங்கறாரு. சோறு வேகற வரைக்கும் வாசப்படியிலயே நிக்கறாரு. புத்தி பிசகிடுச்சோன்னு பயமா இருக்கு அக்கா. யாருகிட்ட சொல்றது? மாப்பிள்ளை என்ன நெனப்பாரு?

இன்னொண்ணு. சமையக்கட்டு ஜன்னலுக்கு மேல ஒரு விரிசல். தலைமுடி மாதிரிதான் இருந்துச்சு. இவரு அது முடியற எடத்துல பென்சிலால ஒரு கோடு போட்டாரு. போன வாரம் விரிசல் கோட்டைத் தாண்டிப் போயிருந்துச்சு. மறுபடியும் கோடு போட்டாரு. அதையும் தாண்டிடுச்சு. பின்கதவு மூட மாட்டேங்குது, கீழ தரையில தட்டுது. பொன்னுரங்கத்தைக் கேட்டா, வெறும் பூச்சு விரிசல்மா, பட்டி பூசி மூடிடலாம்ங்கறாரு. நானும் சரின்னுட்டேன். ஆனா அடுப்புகிட்ட நிக்கறப்ப என் கண்ணு தானா மேல போவுது.

தண்ணிக்குப் பயந்துதான் மாடி கேட்டேன். இப்ப எதுக்குப் பயப்படறேன்னு எனக்கே தெரியல. கோச்சுக்காம எழுது அக்கா.

மங்கலம்


சிதம்பரம்
21-6-2025

என் தங்கை மங்கலத்துக்கு,

நலம் விசாரிக்கறதை அப்புறம் வெச்சுக்கறேன்.

இந்த லெட்டரைப் படிச்ச ஒடனே வேலையை நிறுத்து. மேல இன்னொரு கல்லு வைக்க விடாதே. சமையக்கட்டுக்குள்ள போவாதே. சிந்துஜா புள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்தா வீட்டுக்குள்ள விடாதே.

அந்தக் கம்பிங்களுக்குக் கீழ ஒண்ணும் கெடையாது. உங்க வீட்டுல பில்லரே இல்ல. செங்கல் சுவரு, அதுவும் கீழ்வீட்டுக்கு மட்டும் போட்ட அஸ்திவாரம். சிந்துஜாவைப் பொண்ணு பாக்க வந்தப்ப, "கம்பி இல்லாத மொட்டை வீட்டைப் பாத்தா சம்பந்தி வீட்டுக்காரன் எளக்காரமா நெனப்பான்"னு உன் வீட்டுக்காரரும் மாமாவும் சேந்து, நீ சபேசன் கல்யாண ஜவுளி பாக்க இங்க வந்திருந்த நேரத்துல, கைப்பிடிச் சுவரு மூலையில கொத்திக் கம்பியை நட்டு சிமெண்ட் பூசிட்டாங்க. எப்பவோ விட்ட கம்பின்னு நீயும் நம்பற மாதிரி துருப்புடிச்ச பழைய கம்பியாப் பாத்து நட்டாங்களாம்.

மார்ச்சுல நான் மாமாவை ரொம்ப நச்சரிச்சப்பதான் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு மங்கலம். "இதுல என்ன இருக்கு, கம்பி இருந்தாத்தான் வீட்டுக்கு மரியாதை, நான் எத்தனையோ பேருக்கு நட்டுக் குடுத்திருக்கேன்"னாரு. அப்புறம் என் முகத்தைப் பாத்துட்டு, நடராஜர் மேல சத்தியம் வாங்கிட்டாரு. வெளிய தெரிஞ்சா சிந்துஜா வாழ்க்கை கெட்டுடும், சிங்காரம் குடும்பம் பொண்ணைத் தள்ளி வெச்சுடும், உன் வீட்டுக்காரரு உசுரை விட்டுடுவாருன்னாரு. நானும் பயந்து வாயை மூடிக்கிட்டேன். மாடி வேண்டாம்னு மட்டும் எழுதிப் பாத்தேன். நீ என்னை ஆத்தாமைக்காரின்னே.

போன்ல கத்திச் சொன்னா மாமா காதுல விழுந்துடும். நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். பென்சில் கோட்டை விரிசல் தாண்டுதுன்னு நீ எழுதினதைப் படிச்சதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. சத்தியம் என்னைப் புடிச்சா புடிக்கட்டும். வெளிய வந்துடு மங்கலம். நீ என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுதிப் போடு, நீ உயிரோட இருக்கேன்னு எனக்குத் தெரியற மாதிரி.

சிவகாமு


கடலூர்
27-6-2025

அன்பான அக்காவுக்கு,

நாங்க எல்லாரும் உயிரோட இருக்கோம். அதை மொதல்ல எழுதிடறேன்.

உன் லெட்டர் செவ்வாக்கிழமை வந்துச்சு. எல்லாம் திங்கக்கிழமையே முடிஞ்சு போச்சு. அது ஒரு விதத்துல நல்லதுதான். இவரு வாயாலயே சொல்லிக் கேட்டேன்.

திங்கக்கிழமை பில்லர் கான்கிரீட். சம்பந்தி சிங்காரமும் சம்பந்தியம்மாவும் பூ, ஸ்வீட்டோட வந்திருந்தாங்க. மொதல் சட்டிக் கலவையில பூவும் மஞ்சளும் போட்டுக் குடுங்க சம்பந்தின்னு சிங்காரம் இவரைக் கூப்பிட்டாரு. நான் கீழ ஆளுங்களுக்குக் கேசரி கெளறிக்கிட்டு இருந்தேன். சிந்துஜா புள்ள என் காலடியில ஒக்காந்து கரண்டியைத் தட்டி வெளையாடுது. வாசல்ல கலவை மிக்சர் ஓடற அதிர்வுல ஜன்னல் கம்பியெல்லாம் கிடுகிடுங்குது. பூச்சு மண்ணு கொஞ்சம் உதுந்து புள்ள தலையில விழுந்துச்சு.

இவரு அதைப் பாத்துட்டாரு. வாசப்படியிலதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. படிக்கட்டுல ஏறுனாரு. பொழுதன்னிக்கும் முட்டி வலின்னு சொன்ன மனுஷன் எப்படி ஏறினாருன்னு தெரியல. நானும் பின்னாடியே ஓடினேன்.

மூணு மூலையில பலகை அடிச்சாச்சு. நாலாவது மூலை, நான் வெள்ளத்தப்ப தார்ப்பாய் கட்டினேனே அதுதான், பலகை அடிக்காம இருந்துச்சு. நேரா போய் அந்தக் கம்பியை ரெண்டு கையாலயும் புடிச்சாரு. முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினாரு. பொன்னுரங்கம் ஓடி வரதுக்குள்ள கம்பி கையோட வந்துடுச்சு அக்கா. அடியில தேங்காய் அளவுக்கு ஒரு சிமெண்ட் கட்டி. அவ்வளவுதான். மிக்சரை நிறுத்திட்டாங்க.

இவரு சிங்காரம் மொகத்தைப் பாத்துச் சொன்னாரு. "கீழ ஒண்ணுமில்ல சம்பந்தி. நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப நட்டது. எல்லாரும் எறங்குங்க."

சிங்காரம் அந்தக் கட்டியையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எறங்கிப் போயிட்டாரு. கேசரி அப்படியே கெடந்துச்சு. எழிலன் தபதபன்னு கீழ ஓடினாரு. சமையக்கட்டுலேருந்து புள்ளையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போனவரு திரும்பி வரல. சிந்துஜா அவங்கப்பாவைத் திரும்பிக் கூடப் பாக்காம கீழ எறங்கிட்டா. அதுதான் எனக்குத் தாங்கல.

இவரு வேப்பமரத்தடியில அந்தக் கம்பியை மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. ஏன்யா அன்னிக்கே சொல்லலன்னு கேட்டேன். "நீ கட்டினப்பவே ஆடிச்சு. நீ காத்துன்னு நெனச்சுக்கிட்டே"ன்னாரு. அப்புறம் கொழந்தை மாதிரி அழுதாரு. நானும் அழுதேன். திட்ட மனசு வரல. உன்னையும் திட்ட மனசு வரல அக்கா. ஆனா மாமாவைப் பத்தி இப்ப எதுவும் எழுத மாட்டேன்.

பக்கத்துத் தெருவுல ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கோம். இன்ஜினியர் வந்து பாக்கப் போறாரு.

மங்கலம்


சிதம்பரம்
12-7-2025

மங்கலத்துக்கு,

நீ எழுதினதைப் படிச்சுட்டு அப்படியே தரையில ஒக்காந்துட்டேன். பிரீதா வந்து தூக்கி விட்டா. இப்ப தேவலை. சிந்துஜா எப்படி இருக்கா? அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் மனஸ்தாபம் எதுவும் இல்லையே?

ஆனித் தேர் எங்க வாசல் வழியாத்தான் போச்சு. உங்க எல்லார் பேரையும் சொல்லிக் கும்பிட்டேன். மேளமும் கூட்டமும் எனக்கு ஒண்ணும் கேக்கல, ஆளுங்க வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது.

மாமாகிட்ட உன் லெட்டரைப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னிலேருந்து மத்தியானம் வீட்டுக்குள்ள படுக்கறதில்ல, நாற்காலியை வாசப்பக்கம் போட்டுக்கிட்டு அங்கேயே கண்ணசந்துடறாரு. முட்டிக்கு வெளிக்காத்து நல்லதாம். குத்த உணர்ச்சியாத்தான் இருக்கும், இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

மழை மாசத்துக்கு நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா இங்க வந்துடணும். மாடி ரூமைச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன். மறுக்காதே. உனக்கு அந்த அளவாவது நான் செய்யணும்.

அக்கா,
சிவகாமு


கடலூர்
26-9-2025

அன்பான அக்காவுக்கு,

நவராத்திரி கொலு வெச்சிருக்கியா? எங்களுக்கு இந்த வருஷம் கொலு இல்ல. இருக்கற எடத்துல பாத்திரம் வைக்கவே எடம் பத்தல. மத்தபடி ஒடம்புக்கு ஒண்ணுமில்ல.

மாடிச் சுவரையெல்லாம் பிரிச்சு எறக்கியாச்சு. பாரம் போயிட்டதால கீழ்வீடு தாங்கும், விரிசலுக்குத் தையல் போடற மாதிரி கம்பி வெச்சுப் பூசினா போதும்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. பின்கதவு இப்ப மூடுது. ஒத்தை வீடாவே இருந்துட்டுப் போவட்டும்னு முடிவு பண்ணிட்டோம். மூணு கம்பி மிச்சம் இருந்துச்சு. பொன்னுரங்கம், "சும்மா பாக்கறதுக்கு இருக்கட்டுமேம்மா"ன்னாரு. ஒண்ணு கூட இருக்கக் கூடாதுன்னு நின்னு அறுக்கச் சொன்னேன்.

சிங்காரம் வீட்டுலேருந்து போன் இல்ல. சிந்துஜா மட்டும் ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போறா. போன வாரம் எழிலன் வாசல் வரைக்கும் வந்து அவளை எறக்கி விட்டாரு. உள்ள வரல, ஆனா இவரைப் பாத்து, "மாத்திரை சாப்பிடறீங்களா மாமா?"ன்னு கேட்டாரு. இவருக்கு அன்னிக்கு ரெண்டு வாய் சோறு கூட எறங்கிச்சு.

எனக்குத்தான் இன்னும் பயம் போகல. முன்னாடி தெருவுல நடந்தா தரையைப் பாத்து நடப்பேன். இப்ப மாடிங்களைப் பாக்கறேன். எந்த வீட்டைப் பாத்தாலும் மேல நாலு மூலையிலயும் கம்பி நிக்குது. எது நெஜம், எது பொய்னு யாருக்குத் தெரியும்? அதுக்குக் கீழ தொட்டில் கட்டியிருக்காங்க, சோறு பொங்கறாங்க. கதவைத் தட்டிச் சொல்லலாமான்னு இருக்கு. என்னைப் பைத்தியம்னுவாங்க.

இதுல வானிலைச் செய்தி வேற. ஐப்பசியில மழை ஜாஸ்தியா இருக்கும்ங்கறாங்க. இந்த வீட்டுல இன்னொரு தடவை தண்ணியைப் பாக்க என்னால முடியாது. அதனால உன் பேச்சைக் கேக்கறேன். தீபாவளி முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் உங்க மாடி ரூமுக்கு வந்துடறோம். மாமா முகத்தைப் பாக்க எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா தண்ணிக்கு மேல, கெட்டியா ஒரு தளத்து மேல, உன் பக்கத்துல படுத்தா நான் தூங்கிடுவேன். ரெண்டு தலகாணி எடுத்து வை.

மங்கலம்


சிதம்பரம்
8-10-2025

மங்கலத்துக்கு,

வராதீங்க.

தலகாணிக்கு உறை தெச்சுக்கிட்டு இருந்தேன். "கெட்டியா ஒரு தளம்"னு நீ எழுதியிருந்தது மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. அப்பதான் ஞாபகம் வந்துச்சு. சபேசனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்த வருஷம் எங்க மொட்டை மாடியிலயும் கம்பி இருந்துச்சு. பாப்பா பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி, மாடி எழுப்பறதுக்கும் முன்னாடி. அந்தக் கம்பி முனை யாரையும் குத்திடக் கூடாதேன்னு காலி வாட்டர் பாட்டிலைக் கவுத்து வெச்சதே நான்தான். அதுக்கு முந்தின வருஷம் அங்க வத்தல் காயப் போட்டப்ப கம்பி இருந்துச்சான்னு யோசிச்சுப் பாக்கறேன். வத்தல் காஞ்சது ஞாபகம் வருது, பழம்புடவை விரிச்சது ஞாபகம் வருது. கம்பி ஞாபகம் வரல.

வாசல்ல ஒக்காந்திருந்த மாமாகிட்ட போய்க் கேட்டேன். மெஷினைக் காதுல நல்லா அழுத்தி வெச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். "நம்ம வீட்டுக் கம்பி எங்கேருந்து வருது?" அவரு என்னைப் பாக்கல, தெருவைப் பாத்தாரு. "இத்தனை வருஷம் நின்னுச்சுல்ல"ன்னாரு. உன் வீட்டுக்காரர் கட்டிலை வேப்பமரத்தடிக்கு மாத்தினதை நீ எழுதியிருந்தியே, அது அப்பதான் எனக்கு ஒறைச்சுது. முட்டியும் இல்ல, காத்தும் இல்ல, குத்த உணர்ச்சியும் இல்ல.

சபேசன்கிட்ட சொல்லிட்டேன். அவன் மொதல்ல சிரிச்சான். அப்புறம் அப்பா மொகத்தைப் பாத்தான். இன்ஜினியரு வெளியூர் போயிருக்காராம், அடுத்த வாரம்தான் வராராம். அது வரைக்கும் பிரீதாவையும் பாப்பாவையும் அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்புடான்னு சொல்லிட்டேன். சாயங்கால பஸ்ஸுக்குப் போறாங்க, மேல பெட்டி கட்டிக்கிட்டு இருக்காங்க. எதுவும் இல்லாமலும் இருக்கலாம். இன்ஜினியரு வந்து நல்லா இருக்குன்னு சொன்னா நானே ஒனக்குத் தந்தி மாதிரி ஒத்தை வரியில எழுதறேன்.

மழைக்கு நீ எங்க போவேன்னு தெரியல. நான் எங்க போவேன்னும் தெரியல.

இங்க வெளிய தூறல் போட ஆரம்பிச்சுடுச்சு. பாப்பா ஊருக்குப் போற சந்தோஷத்துல மேல குதிச்சுக்கிட்டு இருக்கா போல. எனக்குக் கேக்கல. ஃபேன் ஆடறது தெரியுது.

சிவகாமு